கென்னடியின் மூன்று தொகுதிகள்: வாங்கிப் படிக்கத் தகுமா?

அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடி 1961 ஜனவரி 20 முதல் 1963 நவம்பர் 22 வரை பொதுவில் பேசியவையும், அவர் பெயரில் வெள்ளை மாளிகை வெளியிட்ட அறிக்கைகளும், ஆண்டுக்கு ஒன்றாக மூன்று தடித்த தொகுதிகளில் அச்சாகியிருக்கின்றன. அமெரிக்க அதிபர்களின் பொது ஆவணங்கள் என்ற நெடுவரிசையில், அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஃபெடரல் ரெஜிஸ்டர் என்னும் அரசிதழின் அலுவலகம் தொகுத்து, அரசு அச்சகம் அச்சிட்ட நூல்கள் இவை. சென்னையில் இவற்றைப் பழைய பிரதியாக வாங்க நினைக்கும் வரலாற்று மாணவர்களையும், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களையும், மேடைப் பேச்சில் ஈடுபாடு உள்ளவர்களையும் மனத்தில் வைத்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: 1963ஆம் ஆண்டுத் தொகுதியைத் தயங்காமல் வாங்கலாம், 1962 நல்ல நிலையில் கிடைத்தால் விடவேண்டாம், 1961ஐ இணையத்திலேயே படித்துக்கொள்ளலாம்.

இந்த வரிசை 1957இல் தொடங்கப்பட்டது. அதற்கு முன் 1789 முதல் 1897 வரையிலான அதிபர்களின் செய்திகளையும் ஆவணங்களையும் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் என்பவர் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் அனுமதியுடன் திரட்டியிருந்தார். அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் முறையான அரசுத் தொகுப்பு எதுவும் இல்லை. ஐசனோவரின் 1957ஆம் ஆண்டுப் பேச்சுகளோடு தொடங்கிய வரிசை, பின்னோக்கிச் சென்று ட்ரூமனையும் பின்னர் ஹூவரையும் சேர்த்துக்கொண்டது. ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் ஆவணங்கள் ஏற்கெனவே தனியார் பதிப்பாக வந்துவிட்டதால் அவருக்கு இதில் இடமில்லை. எட்டு ஆண்டுகள் பதவியில் இருந்த ஐசனோவருக்கு எட்டுத் தொகுதிகள். மூன்று ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக ஆண்ட கென்னடிக்கு மூன்றுதான் என்பதால், ஒரு தனி வாசகர் முழுமையாகப் படித்து முடிக்கக்கூடிய அளவில் இருப்பது இவருடைய பகுதிதான்.

தொகுப்பின் முறை மிக எளிமையானது. ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஓர் எண் உண்டு. எண்கள் நாள்வரிசையில் ஓடுகின்றன. முக்கியமானது, முக்கியமற்றது என்ற பாகுபாடு கிடையாது. மொய் நோட்டில் பண்ணையாரின் ஆயிரத்துக்கு அடுத்த வரியிலேயே பக்கத்து வீட்டுக்காரரின் பத்து ரூபாய் ஏறுவதைப் போல, அணுகுண்டைப் பற்றிய அறிக்கைக்கு அடுத்த பக்கத்திலேயே ஒரு மாணவர் குழுவுக்குச் சொன்ன வரவேற்பு வார்த்தைகள் வந்து நிற்கும். முதலில் இது சலிப்பூட்டும். சில நாட்கள் பழகிய பிறகு இதுவே இந்த நூல்களின் பெருஞ்சிறப்பு என்பது புலப்படும். கென்னடியைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் மேற்கோள்கள். பள்ளிப் பேச்சுப் போட்டியில் தொடங்கி திருமண வாழ்த்துரை வரை உருண்டு தேய்ந்த நான்கைந்து வரிகள். அந்த வரிகளுக்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது, அதற்கு முந்தின நாள் என்ன பேசினார், மறுநாள் எதைத் திருத்திக்கொண்டார் என்பதெல்லாம் தேர்ந்தெடுத்த சொற்பொழிவுத் தொகுப்புகளில் கிடைக்காது.

பதவியேற்புரையையே எடுத்துக்கொள்வோம். நாடு உனக்கு என்ன செய்யும் என்று கேட்காதே என்ற வரியைத் தாண்டி அவ்வுரையை முழுதாகப் படித்தவர்கள் நம்மில் குறைவு. உலகெங்கும் குடிசைகளிலும் கிராமங்களிலும் வறுமையின் தளையை அறுக்கப் போராடும் மக்களுக்கு உதவுவோம் என்று உறுதி கூறிவிட்டு, ஏழைகளான பலருக்கு உதவ முடியாத சுதந்திரச் சமுதாயம் செல்வர்களான சிலரையும் காப்பாற்ற முடியாது என்று அவர் முடிக்கும் பத்தி, சென்னையில் உட்கார்ந்து படிப்பவருக்கு மற்றதைவிட அழுத்தமாகப் படும் என்பது என் எண்ணம். உரை முடிந்ததும் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு வருகிறது: அதிபர் பகல் 12.52 மணிக்கு, காங்கிரஸ் கட்டடத்தின் கிழக்கு முகப்பில் எழுப்பப்பட்ட மேடையிலிருந்து பேசினார். அதற்குச் சற்று முன் தலைமை நீதிபதி வாரன் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். குறிப்பில் இத்தகைய தகவல்கள் மட்டுமே. புகழ்ச்சி இல்லை, கூட்டத்தின் கைதட்டல் இல்லை, குளிரைப் பற்றிய வருணனை இல்லை. மூன்று தொகுதிகளிலும் பதிப்பாசிரியர்கள் இதே சிக்கனத்தைக் கடைப்பிடித்திருக்கிறார்கள். நம் ஊரில் தலைவர்களின் உரைத் தொகுப்பு என்றால் அணிந்துரை, வாழ்த்துரை, பதிப்புரை என்று முதல் நாற்பது பக்கங்கள் போய்விடுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த அடக்கம் ஒரு விருந்து.

1961ஆம் ஆண்டுத் தொகுதியில் நான் திரும்பத் திரும்பப் புரட்டிய பக்கங்கள் ஏப்ரல் மாதத்துக்குரியவை. ஏப்ரல் 12 அன்று நடந்த செய்தியாளர் சந்திப்பில் கியூபாவைப் பற்றிக் கேட்கப்படுகிறது. எந்தச் சூழ்நிலையிலும் அமெரிக்க ஆயுதப் படைகள் கியூபாவில் தலையிடா என்று அதிபர் பதில் சொல்கிறார். அன்றுதான் சோவியத் வீரர் ககாரின் விண்வெளிக்குச் சென்று திரும்பியிருந்தார்; அதைப் பற்றிய கேள்விகளும் அதே சந்திப்பில் வருகின்றன. நிலைமை சீரடைவதற்கு முன் இன்னும் மோசமான செய்திகள் வரலாம் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். ஏப்ரல் 17 அன்று, அமெரிக்க உளவுத்துறை பயிற்சியளித்த கியூப அகதிகளின் படை பன்றிகள் விரிகுடாவில் இறங்கித் தோற்கிறது. ஏப்ரல் 20 அன்று பத்திரிகை ஆசிரியர்கள் சங்கத்தில் அவர் ஆற்றும் உரை விறைப்பாக இருக்கிறது. மறுநாள் செய்தியாளர் சந்திப்பிலோ, வெற்றிக்கு நூறு தந்தையர், தோல்வி ஓர் அநாதை என்ற பழமொழியைச் சொல்லி, பொறுப்புள்ள அரசு அதிகாரி தாமே என்று ஏற்றுக்கொள்கிறார். பத்து நாட்களுக்குள் ஓர் அரசின் குரல் மூன்று விதமாக மாறுவதை எந்த விமரிசகரின் துணையும் இல்லாமல், அச்சிட்ட நாள்வரிசையிலேயே காணமுடிகிறது. 12ஆம் தேதி சொன்னது பொய்யா என்று கேட்டால், சொல்லளவில் பொய் இல்லை. அமெரிக்கப் படை இறங்கவில்லை. இந்த மாதிரியான பதில்களை நிதானமாகப் பிரித்துப் பார்க்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல பாடநூல் கிடையாது.

அதே ஆண்டு மே 25இல் காங்கிரஸின் கூட்டுக் கூட்டத்தில் அவர் ஆற்றிய உரையும் இப்படித்தான். அந்தப் பத்தாண்டு (1960கள்) முடிவதற்குள் நிலவில் மனிதனை இறக்கிப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவருவது என்ற அறிவிப்பு அதில்தான் வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவசரத் தேசியத் தேவைகள் பற்றிய நீண்ட செய்தி அது. பொருளாதாரம், வெளிநாட்டு உதவி, இராணுவம், குடிமக்கள் பாதுகாப்பு, ஆயுதக் குறைப்பு என்று பல பகுதிகளைக் கடந்து ஒன்பதாவது பகுதியில்தான் நிலா வருகிறது. ஏப்ரலில் இரண்டு அடிகள் வாங்கிய ஓர் அரசு மே மாதத்தில் பணம் கேட்டு நிற்கிறது என்பது பக்கங்களைத் தொடர்ந்து படிப்பவருக்கு மட்டுமே தெரியும்.

1962ஆம் ஆண்டுத் தொகுதியின் மதிப்பு அதில் இல்லாதவற்றால் கூடுகிறது. கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் நிறுவப்படுவதைக் காட்டும் படங்கள் அக்டோபர் 16 காலையில் கென்னடியிடம் காட்டப்பட்டன. அக்டோபர் 22 இரவில்தான் அவர் தொலைக்காட்சியில் நாட்டுக்கு அறிவித்தார். இடைப்பட்ட நாட்களில் தொகுதி என்ன சொல்கிறது என்று பார்த்தால், 17ஆம் தேதி கனெக்டிகட் மாநிலத்திலும் 19ஆம் தேதி ஓஹையோ, இல்லினாய் மாநிலங்களிலும் காங்கிரஸ் தேர்தலுக்கான வாக்குச் சேகரிப்புப் பேச்சுகள்! கூட்டம் சிரிக்கும் நகைச்சுவை, உள்ளூர் வேட்பாளருக்குப் புகழ்மாலை, எதிர்க்கட்சிமீது ஏச்சு. மனத்துக்குள் உலகப் போரைச் சுமந்துகொண்டிருந்தவர் பேசியவை இவை என்பதற்கு ஒரு சொல்லிலும் அடையாளம் இல்லை. அக்டோபர் 27 அன்று சோவியத் தலைவர் குருஷேவுக்கு அனுப்பிய செய்தியும், 28 அன்று வெளியிட்ட பதிலும் அறிக்கையும் உரிய இடத்தில் முழுமையாக இருக்கின்றன. ஆனால் துருக்கியில் இருந்த அமெரிக்க ஏவுகணைகளை அகற்றுவது பற்றி, அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி 27ஆம் தேதி இரவு சோவியத் தூதர் டோப்ரினினிடம் வாய்மொழியாகக் கொடுத்த உறுதிமொழிக்கு இந்தப் பக்கங்களில் இடமில்லை, இருக்கவும் முடியாது. பொது ஆவணங்கள் என்ற பெயரை வாசகர் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ளவேண்டும். பொதுவில் சொல்லப்பட்டது மட்டுமே உள்ளே, பேரம் வெளியே. இந்த நூல்களை வைத்து வரலாறு எழுதப் புறப்படுபவர் பாதி வரலாற்றைத்தான் எழுதுவார். பாதியைத் தெரிந்துகொள்ள இவற்றைவிட நம்பகமான இடமும் வேறில்லை.

நம்மவர்களுக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டும் இந்தத் தொகுதிக் காலத்தில் உண்டு. அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தவேண்டும் என்று கேட்பதற்காக, காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவுக்குத் தலைமையேற்று ராஜாஜி 1962 செப்டம்பர் இறுதியில் வெள்ளை மாளிகையில் கென்னடியைச் சந்தித்தார். அப்போது அவருக்கு 83 வயது. ஒதுக்கிய நேரத்தைத் தாண்டியும் சந்திப்பு நீண்டது என்பது பிரசித்தம். அந்த அறையில் பேசப்பட்டது தனி உரையாடல் என்பதால், தொகுதியைப் புரட்டி ராஜாஜியின் வாதங்களைத் தேடுபவர் ஏமாந்துபோவார். அந்த வாரத்தின் முடிவில், செப்டம்பர் 30 ஞாயிறு இரவு, மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெரெடித் என்ற கறுப்பின மாணவர் சேர்வது குறித்து அதிபர் நாட்டுக்கு ஆற்றிய உரை இருக்கிறது. மாணவர் வளாகத்துக்குள் வந்துவிட்டார், சட்டம் நிலைநாட்டப்பட்டது என்ற நிம்மதித் தொனியில் உரை செல்கிறது. அவர் பேசிக்கொண்டிருந்தபோதே அங்கே கலவரம் வெடித்திருந்தது. விடிவதற்குள் இரண்டு பேர் உயிரிழந்தார்கள். பதிப்பாசிரியர்கள் உரைக்குக் கீழே இவற்றை விளக்கவில்லை. இந்த இடத்தில் மட்டும் அவர்களுடைய சிக்கனத்தின்மீது எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. விளக்கவுரை கேட்கவில்லை, நிகழ்ச்சியின் முடிவைச் சொல்லும் ஒற்றை வரி போதுமாக இருந்திருக்கும்.

நவம்பர் 20ஆம் தேதி செய்தியாளர் சந்திப்பைத் தனியாகக் குறிப்பிடவேண்டும். கியூபாவிலிருந்து சோவியத் குண்டுவீச்சு விமானங்கள் அகற்றப்படவிருக்கின்றன என்ற அறிவிப்பு, வீட்டு வசதியில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் ஆணை, சீனப் படையெடுப்புக்கு ஆளான இந்தியாவுக்கு ஏவரெல் ஹாரிமன் தலைமையில் குழு அனுப்பும் செய்தி ஆகிய மூன்றும் ஒரே அமர்வில் வருகின்றன. 1962 போரை நம் தரப்பு நூல்களில் மட்டும் படித்தவர்கள், அன்றைய வாஷிங்டன் மேசையில் நம் பிரச்சினை எந்த இடத்தில் இருந்தது என்பதை இதில் அளந்துகொள்ளலாம்.

இனி 1963. இந்தத் தொகுதியில் ஜூன் மாதத்தை மட்டும் படிக்கவாவது யாராக இருந்தாலும் ஒரு வாரம் ஒதுக்கலாம். மாதம் தொடங்குவதே நமக்கு வேண்டியவரோடுதான்: ஜூன் 3 அன்று குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் வாஷிங்டனுக்கு வருகிறார். திருத்தணியில் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்து, மாநிலக் கல்லூரியில் கற்பித்து, மயிலாப்பூரில் வீடு கட்டி வாழ்ந்த அந்தத் தத்துவப் பேராசிரியரை வரவேற்கும் வார்த்தைகளும், விருந்தில் அவருக்குச் சொன்ன வாழ்த்தும், மறுநாள் வெளியான கூட்டறிக்கையும் வரிசையாக உள்ளன. விருந்தில் இருவர் பேசும் முறையும், கூட்டறிக்கையின் நடையும் வெவ்வேறு உலகத்தைச் சேர்ந்தவை. கூட்டறிக்கையில் துணைக்கண்டத்தின்மீதான சீன ஆக்கிரமிப்பைத் தடுப்பதில் இரு நாடுகளுக்கும் பொதுவான அக்கறை உண்டு என்பது ஒவ்வொரு சொல்லும் நிறுத்துப் போடப்பட்ட வாக்கியமாக நிற்கிறது. தினமும் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் போக்குவரத்து நெரிசலில் நிற்பவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பக்கங்கள் இருப்பது தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஜூன் 10 அன்று வாஷிங்டனிலுள்ள அமெரிக்கன் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாவில் அமைதியைப் பற்றிய உரை. நாம் அனைவரும் இந்தச் சிறிய கோளில் வசிக்கிறோம், ஒரே காற்றைச் சுவாசிக்கிறோம், நம் குழந்தைகளின் எதிர்காலத்தைப் போற்றுகிறோம், நாம் அனைவரும் மரணத்துக்கு உட்பட்டவர்கள் என்ற பகுதி மேற்கோளாகப் புகழ்பெற்றது. முழு உரையில் அதைவிட எடையுள்ளவை கடைசியில் இருக்கின்றன: சோதனைத் தடை ஒப்பந்தம் பற்றி மாஸ்கோவில் பேச்சு தொடங்கும் என்பதும், மற்ற நாடுகள் செய்யாதவரை வளிமண்டலத்தில் அணுகுண்டுச் சோதனையை அமெரிக்காவும் செய்யாது என்பதும். ஒன்பது மாதங்களுக்கு முன் ராஜாஜி கடல் கடந்து போய்க் கேட்ட பொருள் இதுவே. ஒன்றால்தான் மற்றொன்று நடந்தது என்று சொல்ல எனக்கு ஆதாரம் கிடையாது. ஆனால் தமிழ் வாசகர் அந்தப் பக்கத்தை வேறு கண்ணோடு படிப்பதில் தவறில்லை. ஆகஸ்ட் 5 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜூலை 26 அன்று அதை நாட்டு மக்களுக்கு விளக்கி அவர் ஆற்றிய தொலைக்காட்சி உரையையும் இதே தொகுதியில் சேர்த்துப் படிக்கவேண்டும்.

ஜூன் 11 இரவு கறுப்பின மக்களின் குடிமை உரிமைகள் பற்றிய உரை. அலபாமா பல்கலைக்கழகத்தில் இரண்டு கறுப்பின மாணவர்களின் சேர்க்கையை ஆளுநர் வாலஸ் வாசலில் நின்று தடுக்க முயன்ற அன்று, அவசர அவசரமாகத் தயாரிக்கப்பட்டது அது. இறுதிப் பகுதி எழுதி முடியாததால் அவர் சொந்தமாகவே பேசி முடித்தார். அச்சில் படிக்கும்போது அந்தத் தையல் தெரிகிறது. முற்பகுதியின் வாக்கியங்கள் செதுக்கியவை. பிற்பகுதியில் தொடர்கள் நீள்கின்றன, சொற்கள் திரும்ப வருகின்றன. மேடையில் பேசுகிறவர்கள் இந்த இரண்டு பகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். எதுகை மோனையோடு அடுக்குமொழி கேட்டு வளர்ந்த சென்னைக் காதுக்கு, செதுக்கிய பகுதியைவிடத் தடுமாறிய பகுதி உண்மையாக ஒலிக்கக்கூடும். எனக்கு அப்படித்தான் ஒலித்தது. ஜூன் 26 அன்று மேற்கு பெர்லினில் பேசியதும் அதே மாதப் பக்கங்களில் வருகிறது. தாம் பேசிய ஜெர்மன் வாக்கியத்தை மொழிபெயர்த்துச் சொன்னதற்காக மொழிபெயர்ப்பாளருக்கு நன்றி சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்கவைக்கும் வரியைக்கூட விடாமல் அச்சிட்டிருக்கிறார்கள். எழுதி எடுத்துச் சென்றதற்குப் பதிலாக, உண்மையில் பேசியதை அச்சிடுவது என்ற கொள்கையின் பலன் இது.

குறைகளும் உண்டு. செய்தியாளர் சந்திப்புகளில் கேள்வி கேட்டவர் யார் என்பது பெரும்பாலும் இல்லை. கேள்வி என்ற ஒற்றை எழுத்துக் குறிதான். அரங்கில் நேரடியாகத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான சந்திப்புகளை நடத்திய முதல் அதிபர் கென்னடி; மொத்தம் 64 சந்திப்புகள். அவருடைய நகைச்சுவையின் பாதி, கேட்டவர் யார் என்பதில்தான் அடங்கியிருக்கும். பெயர் இல்லாமல் பதில் மட்டும் படிப்பது, நாடகத்தில் ஒரு தரப்பு வசனத்தை மட்டும் கேட்பதாகிவிடுகிறது. உரைகளை வரைந்தவர் யார் என்பதும் எங்கும் இல்லை. கென்னடியின் நடை என்று நாம் பாராட்டுவதில் தியடோர் சோரன்சனின் பங்கு எவ்வளவு என்பதை அறிய வேறு நூல்களுக்குத்தான் போகவேண்டும். அதிபரின் பெயரில் வெளியாவதெல்லாம் அதிபருடையதே என்ற அரசு மரபு புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனாலும் சொற்கலையைப் பயில வருபவருக்கு இது இழப்பு.

இன்னொரு சிக்கல் பின்னிணைப்புகளில் இருக்கிறது. சட்டப்படி ஃபெடரல் ரெஜிஸ்டரில் வெளியாகவேண்டிய பிரகடனங்களும் ஆணைகளும் இங்கே மீண்டும் அச்சிடப்படுவதில்லை. இரண்டாவது பின்னிணைப்பில் எண்ணும் பொருளும் மட்டும் தரப்படுகின்றன. தன்னார்வலர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் அமைதிப் படையை (பீஸ் கார்ப்ஸ்) நிறுவிய 1961 மார்ச் 1ஆம் தேதி ஆணை, மேலே சொன்ன வீட்டு வசதி ஆணை போன்றவற்றைப் பற்றி அதிபர் பேசியதை முழுமையாகப் படிக்கலாம். ஆணையின் வாசகத்தைப் படிக்க இன்னொரு தொடரைத் தேடவேண்டும். பேச்சுக்கு இடம் கொடுத்து, செயலைப் பட்டியலில் தள்ளிவிட்டார்களோ என்று சில வேளை தோன்றுகிறது. பொருளடைவு மிக நன்று. ஆனால் அதிலுள்ள எண்கள் பக்க எண்கள் அல்ல, ஆவண எண்கள். இதை அறியாமல் தேடினால் சம்பந்தமில்லாத பக்கத்தில் போய் நிற்க நேரும்; பக்கத் தலைப்பில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணைப் பார்த்துப் புரட்டவேண்டும். இந்தியா என்ற தலைப்பின் கீழ் உள்ளவற்றை மட்டும் குறித்துக்கொண்டு படித்தாலே ஒரு கல்லூரி ஆய்வேட்டுக்குப் போதுமான பொருள் கிடைக்கும்.

மூன்றாம் தொகுதியின் கடைசிப் பக்கங்களைப் பற்றி ஒரு சொல். நவம்பர் 22 காலை ஃபோர்ட்வொர்த் நகரில், விடுதிக்கு வெளியே கூடியிருந்தவர்களிடம் தம் மனைவி இன்னும் தயாராகிக்கொண்டிருப்பதாகவும், நேரம் பிடித்தாலும் முடிவில் அவர்தான் நம்மைவிட அழகாகத் தோன்றுவார் என்றும் வேடிக்கையாகச் சொல்கிறார். பிறகு வர்த்தக சபையின் காலை உணவுக் கூட்டத்தில் பேசுகிறார். அடுத்து வரும் இரண்டு ஆவணங்களும் பேசப்படாதவை: டல்லாஸ் வணிக மாளிகையில் நண்பகலில் ஆற்றவிருந்த உரையும், ஆஸ்டினில் இரவில் ஆற்றவிருந்த உரையும். பேசியதை மட்டுமே அச்சிடும் தொடர் இங்கே விதிவிலக்குச் செய்திருக்கிறது. தலைப்பிலேயே அதைத் தெளிவாகவும் சொல்லிவிடுகிறது. டல்லாஸ் உரை பெரும்பாலும் ஆயுத எண்ணிக்கையும் படைபலமும் பற்றியது என்பதை அதன் முடிவிலுள்ள விவிலிய வரியை மட்டும் மேற்கோள் காட்டுபவர்கள் சொல்வதில்லை. அன்று மாலை ஆண்ட்ரூஸ் விமானத் தளத்தில் லிண்டன் ஜான்சன் பேசிய சில வார்த்தைகள் அவருடைய தொகுதியில் முதல் ஆவணமாக வருகின்றன. கென்னடி தொகுதியில் தேடவேண்டாம்.

வாங்குவது பற்றி. சென்னையின் பழைய புத்தகக் கடைகளில் இவை அரிதாகவே கண்ணில் படும். மூன்றும் ஒருசேரக் கிடைப்பது அதனினும் அரிது. கிடைப்பவை பெரும்பாலும் ஏதேனும் ஒரு நூலகத்திலிருந்து கழிக்கப்பட்டவை என்பதால் முத்திரை, அட்டைப் பை, தேதி ஒட்டிய சீட்டு எல்லாம் இருக்கும். அது குறையல்ல. பார்க்கவேண்டியவை வேறு. என்னிடம் உள்ள 1962ஆம் ஆண்டுத் தொகுதியை விற்றவர், "கட்டு புதுசு சார், நூறு வருஷம் உழைக்கும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். மறுகட்டுப் போட்டவர் ஓரத்தை ஒட்ட நறுக்கியதில், பக்கத் தலைப்பிலிருந்த ஆவண எண்கள் பல இடங்களில் பாதி போய்விட்டன. பொருளடைவின் கடைசி இரண்டு தாள்களும் இல்லை. ஆவண எண்ணை நம்பியே இயங்கும் நூலில் இது கிட்டத்தட்ட கண்ணைப் பிடுங்கிய கதை. ஆகவே கடையில் நிற்கும்போதே பொருளடைவைக் கடைசி எழுத்து வரை புரட்டுங்கள். பக்கத் தலைப்பு வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முதுகை விரித்து ராமபாணப் பூச்சி துளைத்த தடம் உண்டா என்று தேடுங்கள். மழைக்காலச் சென்னையின் ஈரம் இந்தத் தடித்த தாள்களுக்கு ஆகாது. கண்ணாடி பதித்த அலமாரியானாலும் மாதம் ஒருமுறை வெளியே எடுத்து விசிறிவிடுவது நல்லது.

அமெரிக்க அரசு நூல்களுக்குப் பதிப்புரிமை இல்லாததால், யார் வேண்டுமானாலும் ஸ்கேன் செய்து மறுபதிப்புப் போடலாம். அப்படி ஆர்டர் கொடுத்தபின் அச்சாகி வரும் பிரதிகளைப் பார்த்தேன். கறுப்புத் திட்டுகளும் கோணல் பக்கங்களுமாக இருந்த அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குக் கொடுக்கும் பணத்தை மிச்சப்படுத்திவிட்டு, சான்டா பார்பராவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அமெரிக்க அதிபர் பதவித் திட்டம் என்ற இணையதளத்தில் இதே வாசகங்களை இலவசமாகப் படிக்கலாம். ஒரு சொல்லை எல்லா அதிபர்களின் பேச்சிலும் ஒரே நேரத்தில் தேடும் வசதி அங்கே உண்டு. அச்சுப் பிரதியால் அது முடியாது. பாஸ்டனில் உள்ள கென்னடி நூலகம் பல உரைகளின் ஒலிப்பதிவுகளையும் இணையத்தில் வைத்திருக்கிறது. ஆனால் தேடுபவருக்குத் தேடியது மட்டுமே கிடைக்கும். அக்டோபர் 17ஆம் தேதியின் சிரிப்பும் 22ஆம் தேதியின் கடுமையும் விரலுக்கு எட்டும் தூரத்தில் இருப்பது தாளைப் புரட்டுபவருக்குத்தான் உறைக்கும். எனவேதான் நாள்வரிசை அதிகம் பேசும் இரண்டு ஆண்டுகளை அச்சிலும், 1961ஐத் திரையிலும் என்று பிரித்தேன்.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை: மூன்றாம் தொகுதியின் ஜூன் 10, ஜூன் 11 உரைகளை மாணவர்களிடம் முதலில் அச்சில் கொடுத்து, எந்த இடத்தில் பேச்சாளர் காகிதத்தை விட்டு விலகுகிறார் என்று குறிக்கச் சொல்லிவிட்டு, அதன் பிறகு ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டுங்கள். ஒரு வகுப்புக்கு ஓர் உரை என்ற அளவில் வைத்துக்கொண்டால் போதும். ஆங்கிலம் கடினமாக இருக்காது. 1961ஆம் ஆண்டுத் தொகுதி யாராவது சும்மா கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். காசு கொடுக்கவேண்டுமென்றால் பொருளடைவு முழுதாக உள்ள 1963க்குக் கொடுங்கள்.